புறங்கைச் சூடு

காலை ஏழரை மணிக்கு லுசுங்கு முசிஸ்கா எக்ஸ்ரே குழாயின் உலோகக் கூட்டின்மேல் வலது புறங்கையை வைக்கிறாள். உள்ளங்கையை வைக்க மாட்டாள். "உள்ளங்கை செல்லம் குடுக்கும். புறங்கைதான் உள்ளதைச் சொல்லும்" என்பது அவள் கட்சி. கூடு சில்லென்று இருந்தால் உதட்டைச் சுழித்துக்கொண்டு ஈயத் தடுப்புக்குப் பின்னால் போவாள். ஆளே இல்லாத அறைக்குள் மூன்று தடவை கதிர் விடுவாள். முதலில் கொஞ்சம், அப்புறம் கொஞ்சம் கூட, அப்புறம் இன்னும் கூட. திரும்பி வந்து மறுபடி புறங்கை. அந்தக் கை சம்மதித்த பிறகுதான் வாய் "அடுத்தவங்க" என்று கூப்பிடும்.

வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் இதைச் சும்மா விடுவார்களா? கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைவது அவர்களுக்குத் தெரியும். உள்ளே யாரும் போகாததும் தெரியும். ராத்திரி செத்தவர்களைத்தான் முதலில் எடுக்கிறாள் என்று ஏரிக்கரை முழுக்க ஒரு பேச்சு உண்டு. அவள் அதை மறுத்ததே இல்லை. "ஆமா, அவங்களுக்குத்தான் முதல் மரியாதை. மூச்சைப் பிடின்னா பிடிப்பாங்க. உங்கள மாதிரி நடுவுல தும்ம மாட்டாங்க."

வயது நாற்பத்து மூன்று. உயரம் குறைவு. மருத்துவமனைத் தச்சன் செய்து கொடுத்த முக்காலியில் ஏறினால்தான் குழாய் எட்டும். அந்த முக்காலியின் நாலாவது காலைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது. மூன்று கால் மட்டும் என்றால் ஆடாது என்பதற்கு அவளிடம் கணக்கு இருக்கிறது. ஈய அங்கிகளை மடிக்க விடமாட்டாள், மடித்தால் உள்ளே ஈயம் வெடிக்கும். ஒவ்வொன்றையும் கல்யாணச் சட்டை மாதிரி தோள் சரித்து மாட்டி வைத்திருப்பாள். இந்த வடக்கு மலாவி மாவட்டத்தில் பத்தொன்பது வருடமாக நெஞ்சும் இடுப்பும் காலும் கையும் அவள் முன்னால்தான் வந்து நின்றிருக்கின்றன. சந்தையில் எதிரே வருகிறவரைப் பெயரால் அடையாளம் தெரியாது. "அந்த இடது தோள் எலும்பு கோணலா சேர்ந்தவரு" என்றால் உடனே தெரியும்.

கேட்டாலும் கேட்காவிட்டாலும் நோயாளிக்குப் பாடம் உண்டு. மேசையில் படுத்திருப்பவர் எங்கே ஓடிவிடப் போகிறார்?

"இந்த ட்யூபுக்குள்ள காத்துகூட கிடையாது. ஒரு பக்கம் பல்புல இருக்கற மாதிரி கம்பி இழை. அதைக் காய வச்சா, கொதிக்கிற பானையிலேர்ந்து ஆவி கிளம்பற மாதிரி எலக்ட்ரான் கிளம்பி மொய்ச்சிக்கிட்டு நிக்கும். எதிர்ப்பக்கம் ஒரு தட்டு. ரெண்டுக்கும் நடுவுல எழுபதாயிரம் எண்பதாயிரம் வோல்ட் போட்டா, அத்தனையும் தலைதெறிக்க ஓடி அந்தத் தட்டுல போய் மோதும்."

"மோதினா?"

"மினிபஸ்ல போயிருக்கீங்கல்ல? இருபது பேரை அடைச்சிக்கிட்டு மலையிறக்கத்துல வருது. வளைவு திரும்பினா போலீஸ் தடுப்பு. டிரைவர் பிரேக்கை மிதிக்கிறான். என்ன ஆவும்?"

"ஆண்டவர் பேரைச் சொல்லுவோம்."

"சொல்லுங்க. சக்கரம் காயும், ரப்பர் நாறும், உள்ள எல்லாரும் சண்டை போடுவாங்க. அதெல்லாம் வெறும் சூடு. ஆனா கூரை மேல கட்டின கோழியில ஒண்ணு, அந்தக் குலுக்கல்ல அறுத்துக்கிட்டு வெளிய பறக்கும் பாருங்க, அதுதான் எக்ஸ்ரே. நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது சூடு. ஒண்ணே ஒண்ணுதான் கோழி. அசையாதீங்க. மூச்சைப் பிடிங்க."

சுவிட்சை விட்ட பிறகும் கதிர் அறையிலேயே சுற்றும் என்று பயப்படுகிறவர்களுக்குத் தனிப் பதில். "விளக்கை அணைச்சா வெளிச்சம் போய் அலமாரிக்குள்ளயா ஒளிஞ்சுக்குது?"

இந்தத் தொண்ணூற்றொன்பதுக்கு ஒன்று என்ற கணக்கை அவள் உலகத்துக்கே பொருத்திவிட்டாள். இரண்டரை மணி நேரப் பிரசங்கம் முடிந்து தேவாலயத்தை விட்டு வெளியே வரும்போது பக்கத்தில் வருகிறவளிடம் மெல்லக் கேட்பாள்: "கோழி பறந்துச்சா?" மாவட்ட சுகாதாரக் கூட்டம் முடிந்ததும் அதே கேள்வி. பெண் கேட்டு வந்தவர்கள் போன பிறகும் அதே கேள்வி. பெரும்பாலும் பறந்திருக்காது.

சிரிப்பாகச் சொன்னாலும், அந்தச் சூடுதான் அவளுக்கு இருக்கும் ஒரே பயம். அத்தனை சூடும் ஒரே இடத்தில் விழுந்தால் தட்டு உருகிப் போகும். அதனால்தான் தட்டு நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று சுழல்கிறது. அதனால்தான் குழாயைச் சுற்றி எண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறார்கள். சில்லிட்டுக் கிடக்கும் தட்டின்மேல் திடீரென்று முழுச் சூட்டையும் கொட்டினால், குளிர்ந்த கண்ணாடி டம்ளரில் கொதிக்கும் தேநீரை ஊற்றிய கதைதான். காலையில் ஆளில்லா அறைக்குள் விடும் மூன்று கதிருக்கும் இதுதான் காரணம்.

சாட்சி அவள் ஜன்னல் விளிம்பில் இருக்கிறது. சாஸர் அளவில், தூக்கினால் மணிக்கட்டு தாழ்ந்துபோகும் கனத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு வட்டத்தட்டு. குறுக்கே தலைமுடி அளவில் ஒரு விரிசல். போன குழாயின் தட்டு அது. பதினாறு மாதத்துக்கு முன் அந்தக் குழாயைத் திறந்து வைக்க ஒரு துணை அமைச்சர் வந்தார். ஜூன், இந்தப் பக்கம் குளிர்காலம். ஏரிக்காற்று. யாரும் தொடாத புதுக் குழாயில் முதல் படம் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்றார். பெரிய உடம்பு, பெரிய வோல்ட். 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. வந்திருந்தவர்கள் அதைப் பட்டாசு என்று நினைத்துக் கை தட்டினார்கள். இயந்திரம் வெற்றிகரமாகத் தொடங்கி வைக்கப்பட்டது என்று அறிக்கை போயிற்று. கல்வெட்டு இன்னும் சுவரில் இருக்கிறது. அன்றிலிருந்து கை ஒடிந்தவர்கள் நகரத்துக்கு நாலு மணி நேரம் லாரியில் குலுங்கிப் போனார்கள். போகும்போது ஒரு எலும்பு, திரும்பும்போது இரண்டு.

போன வியாழக்கிழமை புதிய குழாய் வந்தது. பொருத்திய பொறியாளர் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்: கிடங்கில் வெகுநாள் கிடந்த குழாய், பன்னிரண்டு கதிர், சின்னதிலிருந்து பெரிதாக, ஒவ்வொன்றுக்கும் இடையே மூன்று நிமிடம், அதற்கு முன்னால் ஆள் கூடாது. லுசுங்கு அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். அன்று இரவு மின்சாரம் இல்லை. வெள்ளிக்கிழமை காலை விழா, திறந்து வைக்க அதே துணை அமைச்சர்.

அதே வெள்ளிக்கிழமை ஆண்கள் வார்டில் யோத்தாமு என்ற மீனவர், தொடை எலும்பு முறிந்து ஆறாவது நாளாகக் கிடந்தார். படகைக் கரையேற்றும்போது அது அவர்மேல் சரிந்துவிட்டது. காலில் கயிறு கட்டி, கயிற்றின் நுனியில் மூன்று செங்கல் தொங்கவிட்டிருந்தார்கள். எலும்பு பார்க்கும் மருத்துவர் மாதத்துக்கு ஒரு தடவைதான் இந்த ஊருக்கு வருவார். அந்த நாள் அன்றுதான். படம் இருந்தால் அன்றே காலைச் சரிசெய்வார். இல்லாவிட்டால் நாலு மணிக்கு அவர் வண்டி கிளம்பிவிடும். யோத்தாமு அடுத்த மாதம்வரை செங்கல்லோடு கிடக்க வேண்டும், எலும்பு தனக்குத் தோன்றியபடி சேர்ந்துகொள்ளும்.

ஒன்பது மணிக்கு அவள் வந்தபோது எக்ஸ்ரே அறைக் கதவுக்குக் குறுக்கே சிவப்பு நாடா கட்டியாகிவிட்டது. விழா ஏற்பாட்டு அலுவலர் பிட்சன் நாடாவின் குஞ்சத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"தம்பி, கொஞ்சம் தள்ளு. ட்யூபைச் சூடாக்கணும்."

"அக்கா, விளையாடாதீங்க. துணை அமைச்சர் நாடாவை வெட்டினப்புறம்தான் மிஷின் ஓடணும்."

"ஓட விடலை தம்பி. சும்மா சூடு காட்டறேன்."

"திறக்கறதுக்கு முன்னாடியே ஓடின மிஷினை அவரு எப்படித் திறப்பாரு? கல்யாணத்துக்கு முன்னாடி புள்ள பொறந்த மாதிரி இருக்கும்."

"அடுப்பைப் பத்த வைக்காம ந்சிமாக் களி கிண்டுவியா நீ? போன தடவை என்ன ஆச்சுன்னு தெரியுமில்ல?"

"போன தடவை நல்லபடியா நடந்துச்சு. ரிப்போர்ட் நான்தான் எழுதினேன்."

அதோடு மின்சாரமும் இல்லை. வாடகைக்கு வந்திருந்த ஜெனரேட்டர் மாமரத்தடியில் நின்றது. அதில் ஊற்றியிருந்த டீசல் ஒலிபெருக்கிக்காக. துணை அமைச்சர் பேச எழுந்திருக்கும்போதுதான் அதைக் கிளப்புவார்கள். பேச்சு, அப்புறம் துணை அமைச்சர் படம், அதுவரைக்கும்தான் மின்சாரம்.

பத்து மணி விழாவுக்குத் துணை அமைச்சர் பதினொன்றே முக்காலுக்கு வந்தார். கட்சித் துணி கட்டிய பெண்கள் ஆடினார்கள். அவர்கள் இடுப்பில் துணியில் அச்சிட்ட தலைவர் முகமும் சேர்ந்து ஆடியது. எக்ஸ்ரே அறைக் கதவை முதுகுக்குப் பின்னால் வைத்துத் துணை அமைச்சர் மைக் முன் நின்றார். ஜெனரேட்டர் உறுமியது.

நாடா முன்கதவுக்குத்தான் கட்டியிருந்தது. படம் கழுவும் இருட்டறைக்குப் பின்பக்கமாக ஒரு வழி உண்டு. அதிலிருந்து எக்ஸ்ரே அறைக்குள் ஒரு கதவு. அந்த வழியாக லுசுங்கு உள்ளே போனாள். புறங்கையை வைத்தாள். ஏரித் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. தாளைப் பிரித்தாள். கதவுக்கு மேலுள்ள சிவப்பு விளக்கின் கம்பியைப் பிடுங்கிவிட்டால் ஒருவருக்கும் தெரியாமல் முடித்திருக்கலாம். ஆனால் விளக்கு எரியாமல் கதிர் விட்டால் யாராவது கதவைத் திறந்துவிடலாம். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. விளக்கு அப்படியே இருந்தது.

வெளியே துணை அமைச்சர் கேட்டார்: "இருட்டில் கிடந்த இந்த மாவட்டத்துக்கு வெளிச்சத்தைக் கொண்டுவந்தது யார்?"

அவர் தலைக்கு நேர் மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

கூட்டம் ஒரு கணம் வாயைப் பிளந்தது. பிறகு பெண்கள் குலவையிட்டார்கள். துணை அமைச்சருக்குத் தன் பேச்சின்மேல் இருந்த மதிப்பு அன்று இரு மடங்காயிற்று. கதிர் போகும்போதெல்லாம் ஜெனரேட்டர் ஒரு நொடி மூச்சு வாங்கியது, ஒலிபெருக்கி தணிந்தது, கேட்கிறவர்களுக்கு அவர் குரல் தழுதழுப்பதுபோல இருந்தது. மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை விளக்கு, மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை தழுதழுப்பு, மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை குலவை. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிட்சனுக்கு மட்டும் விஷயம் விளங்கியது. பின்பக்கமாக ஓடி இருட்டறைக் கதவைத் தட்டினார்.

"அக்கா! வெளிய வா! என் வேலைக்கே உலை வைக்கிற!"

"அஞ்சு முடிஞ்சுது. இன்னும் ஏழு."

"பேச்சு முடியப்போவுது! கடைசிப் பக்கத்துல இருக்காரு!"

"முடிஞ்சா நேரா நாடாவை வெட்டிட்டு உள்ள வந்துருவாருல்ல? அப்புறம் ஜில்லுனு இருக்கற ட்யூபுல அவரை நிக்க வைப்ப. போன தடவை மாதிரி 'டப்'புனு வெடிக்கும். இந்தத் தடவை டிவிக்காரங்க வேற வந்திருக்காங்க. ரிப்போர்ட்டை நீதானே எழுதணும்?"

 பிட்சன் குரலைத் தாழ்த்தினார்: "இன்னும் ஏழுன்னா எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம். அதுக்கு மேல வேணாலும் பேசட்டும்."

பிட்சன் மேடைக்குத் திரும்பினார். துணை அமைச்சர் கையில் ஒரு சீட்டு போயிற்று: மக்கள் இன்னும் கேட்கத் துடிக்கிறார்கள். துணை அமைச்சர் கடைசிப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, தன் பிள்ளைப் பருவத்திலிருந்து தொடங்கினார். அடுத்த முறை விளக்கு எரிந்தபோது முதலில் கை தட்டியவர் பிட்சன். ஆட்டக்காரப் பெண்களையும் இரண்டு தடவை எழுப்பிவிட்டார். அரசு நெறிமுறை ஒரு எக்ஸ்ரே குழாய்க்கு இவ்வளவு உண்மையாக உழைத்ததை அந்த மாவட்டம் அதற்கு முன் கண்டதில்லை.

பன்னிரண்டாவது கதிர் போயிற்று. புறங்கை. சூடு ஏறியிருந்தது, அளவாக. லுசுங்கு தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

நாடா வெட்டக் கத்தரி தேவைப்பட்டது. விழாக் கத்தரியைத் தலைநகரிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார்கள். அறுவை அறைத் தலைமைச் செவிலி டிரிஃபோனியாவிடம் பிட்சன் கெஞ்சிக் கூத்தாடி அவளுடைய நல்ல கத்தரியை வாங்கி வந்திருந்தார். "அஞ்சு நிமிஷத்துல என் கைக்கு வரணும். அது இல்லாம இன்னிக்கு யோத்தாமு காலைத் தொட முடியாது" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தாள். துணை அமைச்சர் வெட்டினார். கேமராக்களைப் பார்த்துச் சிரித்தார். சிரித்தபடியே உள்ளே வந்தார்.

"காகிதம்?" என்றாள் லுசுங்கு.

"என்ன காகிதம்?"

"டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு, ஐயா. அது இல்லாம எங்கம்மா வந்தாலும் எடுக்க மாட்டேன். நோவு இல்லாதவங்க மேல எதுக்குக் கதிரை விடணும்?"

பெரிய டாக்டர் அவசரமாக ஒரு சீட்டு எழுதினார். நோய் என்ற இடத்தில் 'இருமல்' என்று போட்டார். துணை அமைச்சர் பொறுப்பாக ஒரு தடவை இருமினார்.

"கோட்டைக் கழட்டுங்க. பையில இருக்கறதையும் எடுத்துருங்க."

பிட்சன் காதோரம் வந்தார். "அக்கா, டிவி. கோட்டோடவே எடு."

"கோட்டோட எடுத்தா கோட்டுல இருக்கறதும் விழும். அப்புறம் என்னைக் கேக்கக்கூடாது. கேமராக்காரங்க எல்லாம் வெளிய போங்க. இந்த ரூம்ல படம் எடுக்கறது நான் ஒருத்திதான்."

தட்டு சுழலத் தொடங்கும் அந்த 'உய்ங்ங்' எழுந்தது. மூச்சைப் பிடிக்கச் சொன்னாள். அன்று காலை முழுவதும் துணை அமைச்சர் பேசாமல் இருந்த ஒரே நொடி அது. கதிர் போயிற்று. 'டப்' கேட்கவில்லை. தட்டு சீராகத் தணிந்து நின்றது. தடுப்புக்குப் பின்னால் லுசுங்கு கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தணிவு முழுதையும் கேட்டாள்.

யோத்தாமுவைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு வரச் சொல்லிவிட்டு, இருட்டறையில் படத்தைக் கடைசித் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். டிரிஃபோனியா உள்ளே புகுந்தாள்.

"என் கத்தரியைப் பாத்தியா? அந்தப் பிட்சன் நாய் கீழ எங்கயோ விழுந்திருக்கும்னு சொல்லி தரையெல்லாம் தேடறான். அங்க எலும்பு டாக்டர் கையைக் கழுவிட்டு நிக்கிறாரு!"

லுசுங்கு படத்தைத் தொட்டியிலிருந்து தூக்கி விளக்கில் பிடித்தாள். நல்ல தெளிவான படம். விலா எலும்புகள் ஒவ்வொன்றாக. இதயம். கோட்டுப் பொத்தான் நாலு. இடது பக்கம், மூன்றாம் விலாவிலிருந்து ஏழாம் விலாவரை, இரண்டு விரல் வளையத்தோடும் நுனி வளைவோடும், வெள்ளைவெளேரென்று டிரிஃபோனியாவின் கத்தரி.

"அடப்பாவி மனுஷா" என்றாள் டிரிஃபோனியா. பிறகு லுசுங்குவைப் பார்த்தாள். "கோழி பறந்துருச்சுடி."

சொட்டச் சொட்டப் படத்தைத் தூக்கிக்கொண்டு டிரிஃபோனியா விருந்துப் பந்தலுக்குப் போனாள். அங்கே நடந்ததை யோத்தாமுவின் கட்டிலைத் தள்ளிவந்தவர்கள்தான் சொன்னார்கள். துணை அமைச்சர் வறுத்த மீனைக் கீழே வைத்துவிட்டு உள்பையில் கையை விட்டிருக்கிறார். கத்தரி வந்திருக்கிறது. அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிட்சன், ஒரே தாவில் மைக்கைப் பிடித்து, மாண்புமிகு துணை அமைச்சர் அறுவை அறைக்கு ஒரு கத்தரியைத் தம் கையாலேயே நன்கொடை அளிக்கிறார் என்று அறிவித்திருக்கிறார். கேமராக்கள் ஓடி வந்திருக்கின்றன. பெரியவர் கையிலிருந்து வாங்கும்போது பெண் மண்டியிட வேண்டும் என்பது வழக்கம். டிரிஃபோனியா மண்டியிட்டு, இரண்டு கையையும் நீட்டித் தன் கத்தரியைத் தானே நன்கொடையாக வாங்கிக்கொண்டாள். இரண்டு தடவை, முதல் தடவை ஒரு கேமராக்காரருக்குச் சரியாக விழவில்லையாம்.

 "ஜெனரேட்டரை நிறுத்தாதீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள் லுசுங்கு.

மணி மூன்று. யோத்தாமுவை மேசையில் படுக்க வைத்தார்கள். அவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "அக்கா, வெடிச்சுருமா?" என்று கேட்டார். அவள் அவருக்குப் பாடம் எடுக்கவில்லை. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இரண்டு படம் எடுத்தாள். ஈரம் காய்வதற்குள் எலும்பு மருத்துவர் வந்து, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முறிவு ஓடிய வழியை விரலால் தொடர்ந்தார். "தெளிவா இருக்கு. கொண்டு வாங்க" என்றார். கட்டில் அறுவை அறைப் பக்கம் உருண்டது. செங்கற்கள் மூன்றும் மேசைக்கு அடியிலேயே கிடந்தன.

வெளியே வண்டிகள் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பின. மறுபடி குலவை. மருத்துவமனையே ஜன்னலுக்கு ஓடியது. லுசுங்கு முக்காலியில் ஏறினாள். வழக்கம்போலப் புறங்கையைக் குழாயின் கூட்டின்மேல் வைத்தாள். பிறகு கையைத் திருப்பினாள். உள்ளங்கையை முழுதாகப் பதித்து, கடைசி வண்டியின் சத்தம் ஓயும்வரை எடுக்காமல் நின்றாள்.